ஏறவில்லையா, படி இல்லையா?

கேள்வி: பதினொரு வயதாகும் என் மகளுக்குக் கணக்கு மண்டையில் ஏறவில்லை. கேள்வித்தாள் கொடுத்துச் சோதித்தவர்கள், அவளுக்கு இருப்பது இசை அறிவும் காட்சி அறிவும்தான், ஆகவே பாட்டாலும் படத்தாலும் மட்டுமே கற்பிக்க வேண்டும் என்கிறார்கள். அப்படியே செய்யலாமா?

பதில்: செய்ய வேண்டாம். உங்கள் கேள்வியில் என்னைப் பிடித்து நிறுத்திய சொல் 'ஏறவில்லை' என்பதுதான். ஏறாததற்கு மண்டையைக் குற்றம் சொல்கிறோமே தவிர, ஏறுவதற்குப் படி இருந்ததா என்று குனிந்து பார்ப்பதில்லை. கற்பதற்கும் மாடிக்கு ஏறுவதற்கும் 'படி' என்ற ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழி நம்முடையது. நடுவில் ஒரு படி உடைந்திருந்தால், கால் வலுவுள்ள பிள்ளையும் அங்கேயே நின்றுவிடும்.

மூன்றில் ஒன்றையும் நான்கில் ஒன்றையும் கூட்டச் சொல்லிப் பாருங்கள். அவள் 2/7 என்று எழுதினால் அது மந்தபுத்தி அன்று. மேலே உள்ளதை மேலே உள்ளதோடும் கீழே உள்ளதைக் கீழே உள்ளதோடும் கூட்டி, முழு எண்களில் கற்ற வழக்கத்தை அப்படியே பின்பற்றியிருக்கிறாள். ஒரே அளவுள்ள இரண்டு தாள்களை எடுத்து, ஒன்றை மூன்றாகவும் மற்றதை நான்காகவும் மடித்து, ஒவ்வொன்றிலும் ஒரு பங்கை வெட்டி அருகருகே வைக்கச் சொல்லுங்கள். துண்டுகள் ஒரே அளவில் இல்லை என்பது அவள் கண்ணிலேயே படும். 2/7 என்பது மூன்றில் ஒன்றைவிடச் சிறியது, கூட்டிய பிறகு எப்படிக் குறைந்தது என்று கேளுங்கள். பிறகு ஒவ்வொரு தாளையும் பன்னிரண்டு சம கட்டங்களாகப் பார்த்தால், ஒரு துண்டுக்கு நான்கு கட்டம், மற்றதற்கு மூன்று, ஆக 7/12. இங்கே தாள் உதவியது அவள் 'காட்சி வகை'ப் பிள்ளை என்பதால் அன்று. பின்னம் என்பதே அளவைப் பற்றியது என்பதால். எந்தப் பிள்ளைக்கும் இது உதவும். உச்சரிப்பைக் காதால்தான் கற்க வேண்டும், நிலப்படத்தைக் கண்ணால்தான் கற்க வேண்டும். வழியைத் தீர்மானிப்பது பாடமே.

அறிவு பலவகை என்று அமெரிக்க உளவியலாளர் ஹோவர்ட் கார்ட்னர் 1983-இல் எழுதியபோது மொழி, தர்க்கமும் கணிதமும், இசை, இடவெளி, உடலியக்கம், பிறரை அறிதல், தன்னை அறிதல் என ஏழு வகைகளைச் சொன்னார். இவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை அல்ல, ஒன்றில் தேர்ந்தவர் மற்றவற்றிலும் ஓரளவு தேர்ந்திருக்கும் போக்கு உண்டு என்ற வாதம் 1904-இல் ஆங்கிலேய உளவியலாளர் ஸ்பியர்மன் காலத்திலிருந்தே இருக்கிறது. நான் அந்தப் பக்கம் சாய்பவன். ஆனால் பல்வகை அறிவு வேறு, கண்ணால், காதால் என ஒவ்வொரு பிள்ளையும் ஒரு வழியில்தான் நன்றாகக் கற்கும் என்னும் 'கற்றல் பாணி' வேறு என்று கார்ட்னரே 2013-இல் எழுதினார். பிள்ளையின் பாணிக்கேற்பக் கற்பித்தால் கூடுதலாகக் கற்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 2008-இல் நான்கு உளவியலாளர்கள் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து முடிவு சொன்னார்கள். இருந்தும் முத்திரை குத்தும் வியாபாரம் ஓயவில்லை. கருவிலேயே உருவாகிவிடும் விரல்ரேகையைப் பார்த்து அறிவை அளப்பவர்களை இதே பக்கத்தில் நான் கண்டித்தபோது வசவுக் கடிதங்கள் வந்தன. இன்றும் அதையேதான் சொல்கிறேன்.

முதல் அறிவுச் சோதனையை அமைத்தவரின் நோக்கம் இதற்கு நேர்மாறானது என்பதுதான் எனக்குத் தாங்க முடியாத வருத்தம். பிரெஞ்சு உளவியலாளர் ஆல்ஃபிரெட் பினே 1905-இல் மருத்துவர் சைமனோடு சேர்ந்து பாரிஸில் 30 பயிற்சிகளை வகுத்தது, தனிக் கவனிப்பு தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறிந்து உதவுவதற்காக. அறிவு வளரவே வளராத நிலையான சரக்கு என்று பேசியவர்களை அவர் கடுமையாக எதிர்த்தார்; கவனத்தையும் நினைவையும் வளர்க்கும் பயிற்சிகளையும் வகுத்தார். பின்னால் வந்தவர்கள் அந்தக் கருவியைத் தராசாக்கிவிட்டார்கள்.

பிள்ளைகளுக்குள் வேறுபாடே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒரே நேரத்தில் மனத்தில் ஏந்திக்கொள்ளக்கூடிய செய்திகளின் எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறும். வாயால் சொன்ன நான்கு கட்டளைகளில் மூன்றாவதைத் தவறவிடும் பிள்ளைக்கு அவற்றைத் தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். அதைவிடப் பெரிய வேறுபாடு, முன்பே என்ன தெரிந்திருக்கிறது என்பது.

மகளுக்கு இசை வருகிறதென்றால் இசையை இசைக்காகவே கற்பியுங்கள். வாய்பாட்டுக்கு வண்டி மாடாக அதைப் பூட்டாதீர்கள். அந்தக் கூட்டலுக்கு அவள் எழுதும் விடையை, சரியோ தவறோ, திருத்தாமல் எனக்கு அனுப்புங்கள். எந்தப் படி உடைந்திருக்கிறது என்று சேர்ந்தே தேடுவோம்.