தாத்தா விட்டுச்சென்ற தூண்டில் பெட்டி: விலை என்ன, எப்படிக் காப்பாற்றுவது?

கேள்வி: என் தாத்தா இராணிப்பேட்டையில் ஓர் அமெரிக்க மிஷன் பங்களாவில் டிரைவராக இருந்தவர். அந்தக் குடும்பம் ஊர் திரும்பும்போது தூண்டில் சாமான் இருந்த தகரப் பெட்டியை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனதாம். பரண் ஒழிக்கும்போது கிடைத்தது. தூண்டிலில் பொய் இரையாகக் கட்டும், கண்ணாடிக் கண் வைத்த மர மீன் ஒன்று, மீனை ஈர்க்கும் கரண்டி வடிவத் தகடான பித்தளை ஸ்பூன் மூன்று, கோணிப்போன மஞ்சள் பிளாஸ்டிக் மீன் ஒன்று, இறகு கட்டிய முட்கள், ஈயக்குண்டுகள், ஓரம் கிழிந்த அட்டைப் பெட்டி ஒன்று. மர மீனின் வாய்த் தகட்டில் 9-7-20 என்று பொறித்திருக்கிறது. பெட்டியைத் திறந்தாலே வினிகர் நெடி அடிக்கிறது. காயலான் கடைக்காரர் மொத்தத்துக்கும் 500 ரூபாய் தருகிறேன் என்கிறார். மோர்தானா அணைப் பக்கம் விரால் பிடிக்கப் போகும் என் மகன், பெயின்ட் அடித்து முள் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம் என்கிறான். என்ன செய்யலாம்?
— குடியாத்தம் வாசகர் ஒருவர்

பதில்: காயலான் கடைக்குக் கொடுக்காதீர்கள். பெயின்டும் அடிக்காதீர்கள். அதற்கெல்லாம் முன்னால் இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது: அந்த மஞ்சள் பிளாஸ்டிக் மீனை மற்றவற்றிலிருந்து பிரித்து வேறு அறையில் வையுங்கள்.

வினிகர் நெடிக்குக் காரணம் அதுதான். அமெரிக்கத் தூண்டில் கம்பெனிகள் 1930களில் மரத்தோடு பிளாஸ்டிக்கிலும் மீன் செய்ய ஆரம்பித்தன. ஹெட்டன் கம்பெனியின் 'ஸ்பூக்' வரிசை அதில் பேர்போனது. அந்தக் காலத்துப் பிளாஸ்டிக் பெரும்பாலும் பருத்தி, மரக்கூழிலிருந்து எடுத்த செல்லுலோஸில் செய்தது. அதில் ஒரு வகையான செல்லுலோஸ் அசிடேட், வயதானால் தானாகச் சிதைந்து அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும். வினிகரில் இருப்பதும் அதே அமிலம். மூடிய பெட்டிக்குள் இந்த ஆவி தேங்கினால் அந்த மீன் இன்னும் வேகமாகக் கெடும். பக்கத்தில் உள்ள முட்கள் துருப்பிடிக்கும், பித்தளை பச்சை பூக்கும், ஈயம் அரிக்கும். ஆரம்பித்த சிதைவை நிறுத்த வழியில்லை, வேகத்தைத்தான் குறைக்கலாம். காற்றோட்டமான, வெயில் படாத, வீட்டிலேயே குளிர்ச்சியான இடத்தில் திறந்த அட்டைத் தட்டில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கி மூடினால் ஆவி உள்ளேயே அடைபட்டுவிடும்.

அடுத்து ஈயக்குண்டுகளைப் பாருங்கள். மேலே வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அதை ஊதாதீர்கள், வெறுங்கையால் தொடாதீர்கள். ஈயம் இந்த அமில ஆவியில் அரித்து உண்டாகும் பொடி அது, நச்சு. கையுறை போட்டு ஈரத்துணியால் பெட்டியைத் துடைத்து, குண்டுகளைத் தனி டப்பாவில் மூடி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். பழைய பெயின்டிலும் ஈயம் இருக்கக் கூடும். மர மீனைத் தொட்டாலும் சாப்பிடும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

இனி அந்த மர மீனுக்கு வருவோம். உங்கள் பெட்டியில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

9-7-20 என்றதும் நாம் ஜூலை 9 என்று படிப்போம். அமெரிக்கர் மாதத்தை முதலில் எழுதுவார்கள். ஆக, 1920 செப்டம்பர் 7. இண்டியானா மாநிலத்தின் கேரட் என்ற சிற்றூரில் இருந்த கிரீக் சப் பெய்ட் கம்பெனி தன் மர மீன்களின் வாய்த் தகட்டில் பொறித்த காப்புரிமைத் தேதி இது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் தேதியோடு கம்பெனிப் பெயரும் ஊர்ப் பெயரும் தெரியலாம். அவையும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். உடல் நீண்டு, வாயில் சாய்வான தகடு, வயிற்றில் இரண்டும் வாலில் ஒன்றுமாக மூன்று மும்முனை முட்கள் என்றிருந்தால், அது பெரும்பாலும் அந்தக் கம்பெனியின் 'பைக்கி' மீன். வட அமெரிக்க ஏரிகளில் இருக்கும் பைக் என்ற கொன்றுண்ணி மீனைப் பார்த்துச் செய்தது.

தகட்டில் தேதி இருப்பதால் மீன் 1920இல் செய்தது என்று ஆகிவிடாது. அந்த முத்திரை அதன் பிறகும் பல ஆண்டுகள் தொடர்ந்தது. அதற்கு முந்தியது இல்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். இப்படித் தகடு, முள் மாட்டும் கொக்கி, கண் மூன்றையும் சேர்த்து வைத்துத்தான் பழைய மீனின் வயதைக் கணிப்பார்கள். ஹெட்டன் மீன்களில் கொக்கியே காலத்தைக் காட்டிக்கொடுக்கும்: தொடக்கத்தில் உலோகக் கிண்ணத்துக்குள் திருகாணி, 1910களின் பிற்பகுதியிலிருந்து ஆங்கில 'எல்' எழுத்து வடிவக் கம்பி, 1930களில் இரண்டு துண்டுத் தகடு, 1940களுக்குப் பிறகு மேலே பதித்த ஒற்றைத் தகடு. உங்கள் பெட்டியில் ஹெட்டன் எதுவும் இருந்தால் இதைக் கொண்டு பாருங்கள்.

கண்ணைப் பக்கவாட்டில் சாய்த்து டார்ச் அடியுங்கள். கண்ணாடிக் கண்ணில் பாவை உள்ளே ஆழத்தில் தெரியும். பெயின்ட் கண் தட்டையாகவே இருக்கும். பிறகு உடம்பில் செதில் மாதிரி கோடுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். மீன்மேல் வலைத்துணியை இழுத்துக் கட்டி, வலையின் துளைகள் வழியாகப் பெயின்டைத் தெளித்துச் செய்த வேலை அது. மரத்தில் செய்த பொய் இரையை உயிருள்ள மீன் நம்ப வேண்டும் என்று பாடுபட்டிருக்கிறார்கள். ஒரு கோட் புது பெயின்ட் போதும், அந்தச் செதில் வேலை அத்தனையும் போய்விடும். மகனிடம் இதைக் காட்டிச் சொல்லுங்கள்.

யாராவது முன்பே பெயின்ட் அடித்திருக்கிறார்களா என்றும் சோதிக்க வேண்டும். கம்பெனியில் பெயின்ட் காய்ந்த பிறகுதான் தகடும் கொக்கியும் மாட்டுவார்கள். அவற்றின் மேலும் திருகாணிப் பள்ளத்துக்குள்ளும் பெயின்ட் ஒட்டியிருந்தால் அது பிற்காலக் கைவேலை. வயதான பெயின்டில் மயிரிழை வெடிப்புகள் ஓடியிருப்பது இயல்பு. பழமைக்கு அது சாட்சி, அதை நிரப்பப் போகாதீர்கள்.

இந்த மீன் எப்படி இராணிப்பேட்டைக்கு வந்தது? நம் பக்கத்து அமெரிக்க மிஷனான ஆர்க்காடு மிஷன் 1853இல் ஸ்கடர் என்ற மிஷனரிக் குடும்பத்தார் தொடங்கியது. 1900இல் ஐடா ஸ்கடர் வேலூரில் தொடங்கிய சிறு மருத்துவமனைதான் இன்றைய சி.எம்.சி. இந்த மிஷனை நடத்திய திருச்சபைக்கு மிச்சிகன் மாநிலத்தின் ஹாலந்து நகரம் ஒரு பெரிய மையம். அங்கிருந்து பலர் நம் பக்கம் வந்தார்கள். ஹெட்டன் கம்பெனி இருந்த டொவாஜியாக், ஷேக்ஸ்பியர் தூண்டில் கம்பெனி இருந்த கலமாசூ இரண்டும் அதே மிச்சிகனில். கேரட்டோ பக்கத்து மாநிலத்தில். ஏரிக்கரையில் வளர்ந்தவர்கள் சொந்த ஊர்த் தூண்டிலைக் கப்பலில் கொண்டுவந்ததில் வியப்பில்லை. ஆங்கிலேயர் இருந்த அரக்கோணம், ஜோலார்பேட்டை ரயில்வே குடியிருப்புப் பெட்டிகளில் என்றால் தூண்டில் தொழிலுக்குப் பேர்போன இங்கிலாந்தின் ரெட்டிச் ஊர்ச் சாமானைத்தான் நான் முதலில் தேடுவேன்.

ஆகவே தாத்தா யாரிடம், எந்த ஆண்டில் வேலை பார்த்தார், பெட்டி எப்படிக் கைக்கு வந்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதி வையுங்கள். பங்களா வாசலில் எடுத்த பழைய போட்டோவோ நற்சான்றுக் கடிதமோ இருந்தால் பெட்டியோடு சேர்த்து வையுங்கள். கைமாறிய கதைக்கு ஆதாரம் இருந்தால் சேகரிப்பாளர் கூடுதல் விலை தருவார்.

விலை விஷயத்தில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பைக்கி அந்தக் காலத்தில் ஏராளமாக விற்ற மீன். சாதாரண நிறத்தில், அங்கங்கே பெயின்ட் உதிர்ந்த பைக்கிக்குச் சில பத்து டாலர்கள்தான் கிடைக்கும். அபூர்வ நிறமாகவோ, பெயின்ட் அப்படியே இருந்தாலோ, சொந்த அட்டைப் பெட்டியோடு இருந்தாலோ விலை ஏறும். பெட்டியின் ஓரத்தில் எண் அச்சிட்டிருந்தால் மீனோடு பொருந்துகிறதா பாருங்கள். வெறும் பெட்டியையே காசு கொடுத்து வாங்குகிறவர்கள் உண்டு. கிழிசலில் செலோடேப் ஒட்டிவிடாதீர்கள். 1859இல் காப்புரிமை பெற்ற ஹாஸ்கெல் மின்னோ என்ற செப்பு மீனின் பெரிய அளவு ஒன்று 2003இல் ஏலத்தில் ஒரு லட்சம் டாலரைத் தாண்டிய செய்தியை யாராவது காட்டுவார்கள். அது விதிவிலக்கு, அதை வைத்து மனக்கணக்குப் போட வேண்டாம். இ-பே தளத்தில் 'விற்றுமுடிந்தவை' என்று வடிகட்டிப் பாருங்கள். ஆசைப்பட்டுக் கேட்கும் விலையும் கைக்கு வந்த விலையும் வேறு வேறு.

ஸ்பூன்களின் குழிவான பக்கத்தில், வளையத்துக்கு அருகே முத்திரை தேடுங்கள். புல்டாக் நாய் உருவம் இருந்தால் ஒஹையோ மாநிலத்தின் ஃப்ளூகர் கம்பெனி. எதுவுமே இல்லையென்றால் உள்ளூரில் பித்தளைத் தகட்டில் வெட்டியதாகக்கூட இருக்கலாம். விலை பெரிதாக வராது. ஆனால் எந்த ஸ்பூனையும் புளி, எலுமிச்சை, பீதாம்பரி போட்டுத் தேய்க்கக் கூடாது. குத்துவிளக்குக்குச் செய்வதை இதற்கும் செய்யத்தான் கை போகும். மேலே படிந்த பழுப்பு போனால் சேகரிப்பாளர் ஒதுக்கிவிடுவார், மழுங்கிய முத்திரையும் அழிந்துவிடும். மிருதுவான உலர்ந்த பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும்.

மர மீனைத் தண்ணீரில் ஊறவைக்காதீர்கள். தின்னர், உப்புத்தாள், தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம். லேசாக ஈரமாக்கிய பஞ்சை வயிற்றுப் பக்கம் ஓரிடத்தில் ஒற்றிப் பாருங்கள். நிறம் ஒட்டாவிட்டால் மட்டும் அழுக்கை மெல்ல எடுக்கலாம். முள் துருப்பிடித்திருந்தாலும் கழற்ற வேண்டாம், புதுமுள் போட்டால் விலை குறையும். தையல் மெஷின் எண்ணெயை ஒரு சொட்டு பஞ்சுக் குச்சியில் தொட்டு, பெயின்டில் படாமல் முள்ளில் மட்டும் தடவுங்கள்.

பெட்டிக்குள் அந்துருண்டையும் கற்பூரமும் போடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. இரண்டின் ஆவியும் பழைய பிளாஸ்டிக்கை இளக்கும், போடாதீர்கள். இறகு முட்களில் பூச்சி தெரிந்தால் அவற்றை மட்டும் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்த பின் குளிர் முழுக்க விட்டபிறகு பையைத் திறங்கள், இல்லாவிட்டால் ஈரம் கோத்துவிடும். மர மீனை ஃப்ரீசரில் வைக்கவே கூடாது.

வேலூர்ச் சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டுப் பரண் எப்படிக் கொதிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அதில் மரம் சுருங்கும்; ஐப்பசி மழையில் ஈரம் ஏறி உப்பும். பெயின்ட் உதிர்வது இந்த இழுபறியில்தான். பரணிலிருந்து இறக்கி, உள்சுவரை ஒட்டிய அலமாரியில் அமிலமில்லாத வெள்ளைத் தாளில் தனித்தனியாகச் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு வையுங்கள். மகனுடைய ரப்பர் தவளைகளும் மிருதுவான பிளாஸ்டிக் புழுக்களும் அந்தப் பக்கமே போகக் கூடாது. அவற்றிலிருந்து கசியும் எண்ணெய் பழைய பெயின்டைப் பிசுபிசுப்பாக உருக்கிவிடும்.

விற்க முடிவு செய்தால், வெளிநாட்டுக்கு அனுப்பும் முன் ஒரு சங்கதி. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த பொருள் தொல்பொருளாகக் கருதப்படலாம். அதைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. 1920களின் மீன் அந்த எல்லையிலேயே நிற்கிறது. தொல்பொருள் அல்ல என்ற சான்றை இந்தியத் தொல்லியல் துறையிடம் பெற்றபின் அனுப்பினால் சுங்கத்தில் சிக்கல் இராது.

மகன் அதை அணைத் தண்ணீரில் போட்டுப் பார்க்க ஆசைப்படுவது நியாயம்தான். ஆனால் நூறு வயதை நெருங்கும் மரத்தில் திருகாணி இளகியிருக்கும். நல்ல விரால் ஒன்று அடித்து இழுத்தால் கொக்கியோடு பெயர்ந்து வரும், அல்லது முள்மரத்து வேரில் மாட்டி அங்கேயே நின்றுவிடும். அவனுக்கு வேறு வேலை கொடுங்கள்: பக்கத்தில் அளவுகோல் வைத்து, பகல் வெளிச்சத்தில், இரு பக்கம், முதுகு, வயிறு, வாய்த் தகடு, கண், அட்டைப் பெட்டியின் ஓரம் எல்லாவற்றையும் தெளிவாகப் படம் எடுக்கட்டும். அந்தப் படங்களை எனக்கு அனுப்புங்கள். நிறத்தையும் கொக்கியையும் பார்த்துவிட்டு மீதியைச் சொல்கிறேன்.