வீட்டுக்குள் வரும் வெறுப்பு

கேள்வி: 2003-இல் வந்த எக்ஸ்-மென் இரண்டாம் பாகம் வெறும் சண்டைப் படம்தானே? அதை ஏன் பாகுபாடு பற்றிய படம் என்கிறார்கள்?

பதில்: சண்டையை விடுங்கள், பிறவியிலேயே அசாதாரண சக்தி கொண்ட 'மியூட்டன்ட்'களில் ஒருவனான பாபியின் வீட்டுக் காட்சியைப் பாருங்கள். எதையும் உறைய வைக்கும் சக்தி தனக்கு இருப்பதைப் பெற்றோரிடம் முதன்முதலாகச் சொல்கிறான், அம்மாவோ இப்படி இல்லாமலிருக்க முயன்று பார்த்தாயா என்று கேட்கிறார், அதற்குள் சொந்தத் தம்பியே மாடிக்குப் போய் போலீஸுக்கு போன் போட்டுவிடுகிறான். அந்த அம்மா கெட்டவர் இல்லை, பயந்தவர். அதனால்தான் அதிகம் வலிக்கிறது. தன்பாலின ஈர்ப்பை வீட்டில் சொன்ன பலர் இதே கேள்வியை எதிர்கொண்டிருப்பார்கள்.

அப்புறம் மிஸ்டிக். யார் உருவத்தையும் எடுக்கக்கூடியவள், எப்போதும் சாதாரண மனுஷியாகவே இருந்துவிடலாமே என்று இன்னொரு மியூட்டன்டான நைட்கிராலர் கேட்க, அப்படி ஒளிந்து வாழவேண்டிய அவசியமே இருக்கக்கூடாது என்கிறாள். படத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. மியூட்டன்ட்களை வெறுக்கும் வில்லன் ஸ்ட்ரைக்கரின் மகனே மியூட்டன்ட், அவனையும் ஆயுதமாக்கும் அளவுக்கு அவர் வெறுப்பு முற்றியிருக்கிறது.

கேள்வி: முதல் பாகம் பார்க்காமல் இதைப் பார்க்கலாமா?

பதில்: கதை புரியும். ஆனாலும் 2000-இல் வந்த முதல் பாகத்தைப் பார்த்துவிடுங்கள். 1944-இல் போலந்தில் நாஜி முகாமில் ஒரு சிறுவனைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கும் தொடக்கக் காட்சி தெரியாவிட்டால், அந்தச் சிறுவனே வளர்ந்து மனிதர்களை எதிர்க்கும் மேக்னீட்டோவாகக் காட்டும் கோபம் வெறும் வில்லத்தனமாகத்தான் படும்.