சீகோங் என்றால் என்ன? சீனர்கள் எதற்காக அதைச் செய்கிறார்கள்?

'சீ' என்றால் மூச்சு, உயிராற்றல். 'கோங்' என்றால் நாள்பட்ட பழக்கத்தால் கைவரும் திறன். குங்ஃபூவில் வருவதும் இதே சொல்தான். மெதுவான அசைவு, ஆழ்ந்த மூச்சு, சிதறாத கவனம் மூன்றும் சேர்ந்த பயிற்சியே சீகோங்.

உடலுக்குள் பாதைகள் வழியே சீ ஓடுகிறது, அது தேங்கினால் நோய் வரும் என்பது சீன மருத்துவத்தின் கருத்து. வாய்க்காலில் தூர் சேர்ந்தால் கடைமடைக்குத் தண்ணீர் போகாது அல்லவா? தூர் வாருகிற வேலையைத்தான் இந்த அசைவுகள் செய்வதாக அவர்கள் சொல்வார்கள். சரி, சீ என்ற கருத்தை ஏற்காதவருக்கும் இதில் பயன் உண்டு. மூச்சை நீட்டி விடும்போது படபடப்பு தணியும். முழங்காலைச் சற்று மடக்கி நிற்பதால் கால்கள் வலுப்பெறும், முதுமையில் தடுமாற்றம் குறையும். அதனால்தான் சீனப் பூங்காக்களில் காலைவேளையில் இத்தனை முதியவர்கள் இதைச் செய்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

இதன் வேர் மிகப் பழையது. 1973-இல் சாங்ஷா நகரின் மாவாங்துய் கல்லறையில் ஒரு பட்டு ஓவியம் கிடைத்தது. கி.மு. 168-இல் மூடப்பட்ட கல்லறை அது. ஓவியத்தில் ஆணும் பெண்ணுமாக 44 பேர் உடற்பயிற்சி செய்கிறார்கள்! ஆனால் 'சீகோங்' என்ற பொதுப்பெயர் பரவலானது 1950-களில்தான்.

புதிதாகத் தொடங்குபவருக்கு எட்டே அசைவுகள் கொண்ட 'பாதுவான்ஜின்' எளிது.

தொடாமலே ஆளைத் தள்ளும், புற்றுநோயைத் தீர்க்கும் என்றெல்லாம் சொல்வதை நம்பி மருந்தை நிறுத்திவிடாதீர்கள். சீகோங் சிகிச்சைக்குத் துணைதான், மாற்று அல்ல.