எருவும் யூரியாவும் சேர்த்துப் போடலாமா? கேள்வி பதில்

கேள்வி: ஐயா, தோட்டத்துக்கு மாட்டெரு அடித்துவிட்டேன். இனி யூரியாவும் வேண்டுமா? இரண்டும் ஒன்றுக்கொன்று ஆகாது என்கிறார்களே?

பதில்: ஆகாது என்றெல்லாம் இல்லை. எருவில் உள்ள தழைச்சத்தில் (நைட்ரஜன்) பெரும்பகுதியை நுண்ணுயிர்கள் சிதைத்துக் கொடுத்த பிறகுதான் வேர் எடுத்துக்கொள்ள முடியும். முதல் பருவத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் கைக்கு வரும். பூவும் பிஞ்சுமாக இருக்கும் தக்காளிக்கு அந்த வேகம் போதாது. அந்தச் சமயத்துக்குத்தான் யூரியா. அதை மட்டுமே நம்பினால் மண்ணின் ஈரப்பிடிப்பும் பொலபொலப்பும் அதிகரிக்காது, நுண்ணூட்டமும் வராது.

கேள்வி: அண்ணா, 100 சதுர மீட்டரில் தக்காளி. 200 கிலோ தொழுவுரம் போட்டிருக்கிறேன். யூரியா எவ்வளவு?

பதில்: கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். நன்கு மட்கிய தொழுவுரத்தில் தழைச்சத்து சுமார் 0.5 சதவீதம். 200 கிலோவில் 1 கிலோ இருக்கிறது, இந்தப் பருவத்தில் கிடைப்பது சுமார் 330 கிராம். பயிருக்கு மொத்தம் 1 கிலோ தேவை என்று வைத்துக்கொண்டால் மீதி 670 கிராம். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து என்பதால் 1.45 கிலோ போதும். எருவைக் கணக்கில் சேர்க்காதவர் 2.2 கிலோ போட்டிருப்பார். உங்களுக்கான 1.45 கிலோவை மூன்றாகப் பிரித்து, நட்ட மூன்றாம் வாரத்திலிருந்து சில வார இடைவெளியில் மேலுரமாகக் கொடுங்கள். தண்டை ஒட்டிப் போடாமல், சற்றுத் தள்ளிப் பள்ளம் கீறிப் போட்டு மண்ணை மூடி, உடனே அளவாகத் தண்ணீர் விடுங்கள். மேலாகத் தூவி வெயிலில் விட்டால் ஒரு பங்கு அம்மோனியாவாகக் காற்றோடு போகும். வெள்ளமாகப் பாய்ச்சினாலும் சத்து வேருக்கு எட்டாத ஆழத்துக்கு இறங்கிவிடும். அப்புறம், எருவின் சத்து மாட்டுக்குப் போட்ட தீவனத்தையும் குவியலைப் பராமரித்த விதத்தையும் பொறுத்து மாறும். மண் பரிசோதனை செய்திருந்தால் அந்த அளவையே பின்பற்றுங்கள்.

கேள்வி: இரண்டையும் குவியலிலேயே கலந்துவிட்டால் வேலை மிச்சமாகுமே?

பதில்: ஒரு தடவை நானும் அப்படித்தான் செய்தேன். மறுநாள் பக்கத்தில் நிற்க முடியவில்லை, கண் எரிந்தது. எருவில் யூரியேஸ் என்ற நொதி ஏராளம். அது யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்கிவிடுகிறது. எருவை அடியுரமாக மண்ணில் கலந்துவிடுங்கள், யூரியா பிறகு வரட்டும். சாம்பலையும் சுண்ணாம்பையும் இதோடு கலக்கவே வேண்டாம், இழப்பு இன்னும் கூடும்.

கேள்வி: எருவில் பாதி வைக்கோல், சரியாக மட்கவும் இல்லை. போட்டபின் நாற்றெல்லாம் மஞ்சளாக நிற்கிறது.

பதில்: அடியிலைகள் முதலில் மஞ்சளாகியிருந்தால் தழைச்சத்துப் பற்றாக்குறைதான். எருவில் கரிமச்சத்து (கார்பன்) தழைச்சத்தைப்போல 30 மடங்குக்கு மேல் இருந்தால், நுண்ணுயிர்கள் தங்கள் பசிக்கு மண்ணில் இருக்கும் தழைச்சத்தையே எடுத்துக்கொள்ளும். இப்போது கொஞ்சம் யூரியா கொடுத்தால் செடி மீளும். அடுத்த முறை மட்கவைத்துப் போடுங்கள்.

கேள்வி: கோழி எரு?

பதில்: அது பாதி ரசாயன உரம் மாதிரி. சத்து அதிகம், சீக்கிரமே கிடைத்துவிடும். எருவும் குறைவாக, யூரியாவும் குறைவாக. மட்காமல் பச்சையாகப் போட்டால் வேர் கருகும்.

கேள்வி: கீரைக்கு?

பதில்: பச்சை எரு கூடவே கூடாது, கிருமி இலையில் ஒட்டும். மண்ணைத் தொடும் விளைபொருளுக்கு, பச்சை எரு போட்டு 120 நாள் கழித்தே அறுவடை என்பது அமெரிக்க இயற்கை வேளாண் விதி. யூரியாவும் அளவாகத்தான். மிஞ்சினால் இலையில் நைட்ரேட் சேரும்.

கேள்வி: கத்தரி ஆள் உயரம் தளதளவென்று நிற்கிறது, காயைக் காணோம்.

பதில்: தழைச்சத்து மிஞ்சிவிட்டது, யூரியாவை நிறுத்துங்கள். போட்ட எரு இன்னும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது.