தனியார் சிறை வந்தால் கிராமத்துக்கு வேலை வருமா?

அமெரிக்காவில் சின்ன ஊர்கள் தனியார் சிறையைக் கேட்டு வாங்குகின்றனவாமே, வேலை பெருகியதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏதோ கட்டுரைப் போட்டிக்கு எழுதுகிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் ஒரு ஊரின் கதையை மட்டும் சொல்கிறேன். அதை வைத்து எல்லா ஊரையும் எடை போடுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

மொன்டானா மாநிலத்தில் ஹார்டின் என்று ஒரு ஊர். மூவாயிரத்துச் சொச்சம் பேர், பக்கத்திலேயே க்ரோ பழங்குடியினரின் நிலம். வேலைப் பஞ்சம். ஊரின் வளர்ச்சி அமைப்பு 2006ல் 2.7 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிட்டு, 2007ல் 464 படுக்கைகளோடு சிறையைக் கட்டி முடித்தது. நடத்தத் தனியார் நிறுவனம்; அரசுகள் கைதிகளை அனுப்பினால்தான் வருமானம். கைதிகளை அனுப்புகிறோம் என்று எழுதிக் கொடுத்தவர்தான் யாரும் இல்லை. வெளிமாநிலக் கைதிகளை வைக்கச் சட்டத்தில் இடமில்லை என்றார் மாநில அட்டர்னி ஜெனரல். ஊர் வழக்குப் போட்டு 2008ல் ஜெயித்தது. அப்புறமும் யாரும் வரவில்லை. அதற்குள் கடன் பத்திரத்துக்குக் கட்ட வேண்டிய தவணையும் நின்றுவிட்டது.

அப்போது நான் பில்லிங்ஸில் இருந்தேன். 2011 கோடையில் அப்பா வந்திருந்தார். மத்திய சிறையில் தலைமை வார்டராக இருந்து ஓய்வு பெற்றவர். லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களத்துக்குக் கூட்டிப்போகும் வழியில் இந்தக் கட்டடத்தைக் காட்டினேன். போர்க்களத்தை அவர் பத்து நிமிடம்கூடப் பார்க்கவில்லை. இங்கேதான் வேலிக்கு வெளியே நின்றுகொண்டு நகரவே மாட்டேன் என்றார்.

"உள்ள எத்தனை பேர்?"

"ஒருத்தரும் இல்லப்பா."

"அப்புறம் கரண்ட் பில் யார் கட்டுறா?"

கைதியை வெளியே கூட்டிப்போகும்போது வழிக்காவலுக்கு ஆள் எங்கிருந்து வரும், ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், கைதி வேறு மாநிலத்துக்காரன் என்றால் வீட்டுக்காரர்கள் மனு போட்டு அவனைப் பார்க்க எப்படி வருவார்கள் என்று அடுக்கிக்கொண்டே போனார். கட்டும் முன் ஊர்க்காரர்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள். தூரத்தைப் பற்றிக் கேட்டால் கட்டட ஒப்பந்தக்காரருக்கு என்ன வந்தது? கட்டி முடித்ததோடு அவர் வேலை முடிந்தது.

காரில் மிச்சக் கதையைச் சொன்னேன். 2009ல், கியூபாவில் உள்ள அமெரிக்க ராணுவச் சிறையான குவான்டனாமோவின் கைதிகளையாவது தாருங்கள் என்று நகர மன்றம் தீர்மானம் போட்டது. வாஷிங்டனில் மொன்டானா செனட்டர்களே ஒத்துக்கொள்ளவில்லை. அதே வருடம் கலிஃபோர்னியாவிலிருந்து 'அமெரிக்கன் போலீஸ் ஃபோர்ஸ்' என்ற நிறுவனத்தின் பெயரில் ஒருவர், மைக்கேல் ஹில்டன், சிறையை எடுத்து நடத்துகிறேன் என்று வந்தார். 'ஹார்டின் நகரக் காவல்துறை' என்று எழுதிய மெர்சிடிஸ் கார்களில் வந்து இறங்கினார்கள். ஹார்டினுக்கு அப்போது சொந்தக் காவல்துறையே கிடையாது. அந்த ஆள் மோசடி வழக்கில் சிறையில் இருந்தவர் என்று பத்திரிகைகள் தோண்டி எடுத்ததும் அக்டோபரில் எல்லாம் கலைந்தது. அப்பா சிரித்தது இதற்கு மட்டும்தான்.

சம்பந்தம் இல்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். நம் சினிமாவில் வார்டர் என்றாலே பீடி விற்பவர், லஞ்சம் வாங்குபவர். தீபாவளி, பொங்கல் என்று பார்க்காமல் நைட் டூட்டி போன என் அப்பாவுக்கு, ஜெயில்காரர் என்று சொன்னதும் வாடகைக்கு வீடு இல்லை என்றவர்கள் உண்டு. லஞ்சம் வாங்குபவரே இல்லையா என்று கீழே கேட்பீர்கள். இருக்கிறார்கள். எந்தத் துறையில் இல்லை?

ஹார்டினுக்கு வருகிறேன். 2014ல் லூசியானா நிறுவனம் ஒன்று சிறையைத் திறந்து, 2016ல் மூடிவிட்டுப் போனது. பின்னால் மத்திய அரசின் பழங்குடியினர் விவகாரத் துறை எடுத்துக்கொண்டது.

கட்டுரைக்கு என்றால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2012ல் சிசிஏ (கரெக்‌ஷன்ஸ் கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா) என்ற, தனியார் சிறைகளை நடத்தும் பெரிய நிறுவனம் 48 மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது: உங்கள் சிறைகளை நாங்களே வாங்கிக்கொள்கிறோம், 20 ஆண்டு ஒப்பந்தம் வேண்டும், எப்போதும் 90 சதவீதமாவது நிரம்பியிருக்க வேண்டும். ஹார்டின்காரர்கள் எழுதி வாங்கத் தவறியதை இவர்கள் முதல் கடிதத்திலேயே கேட்டார்கள்.