வல்லுநர்கள் இருவிதமாகச் சொல்லும்போது நகர்மன்றம் எப்படி முடிவெடுப்பது?

கேள்வி: எங்கள் நகரின் குடிநீரில் புதிய வேதிப்பொருள் ஒன்று தெரியவந்திருக்கிறது. ஒரு வல்லுநர் ஆபத்து என்கிறார்; மற்றவர் ஆதாரமில்லை என்கிறார். ஆய்வு முடியும்வரை காத்திருக்கலாமா? (நகர்மன்ற உறுப்பினர்)

பதில்: காத்திருக்கும் நாளெல்லாம் மக்கள் அந்தத் தண்ணீரைத்தான் குடிப்பார்கள் என்பதால், முழு உறுதி வரட்டும் என்று இருக்க முடியாது.

‘ஆபத்தா, இல்லையா?’ என்று வல்லுநர்களைக் கேட்காதீர்கள். பாதிப்புக்கு எத்தனை சதவீத வாய்ப்பு, குறைந்தது எவ்வளவு, கூடியது எவ்வளவு என்று எண்ணாகக் கேளுங்கள். ‘ஆதாரமில்லை’ என்பவரிடம், எத்தனை பேரை, எவ்வளவு காலம் சோதித்தார்கள் என்றும் கேளுங்கள். 300 பேரைச் சோதித்து ஒருவருக்கும் பாதிப்பில்லை என்றாலும், உண்மையில் நூற்றில் ஒருவர் வரை பாதிக்கப்படக்கூடும். 3 என்ற எண்ணை, சோதிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் இந்த மேல்வரம்பு கிடைக்கும் (95 சதவீத நம்பிக்கை அளவில்).

அடுத்து செலவு. பாதிப்பை முழுதும் தடுக்கும் வடிகட்டிக்கு 1 பங்கு செலவு, பாதிப்பு வந்தால் 10 பங்கு இழப்பு என்றால், வாய்ப்பு 10 சதவீதத்தைத் தாண்டினாலே வடிகட்டி லாபம். ஆனால் ஒரு குழந்தையின் உடல்நலத்துக்கு எத்தனை பங்கு என்பதை வல்லுநர் தலையில் கட்டாதீர்கள். வாக்களித்தவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

பெரும்பாலும் சறுக்குவது, எல்லாவற்றையும் ஒரே முடிவாகக் கட்டும்போதுதான். 1976இல் அமெரிக்காவில் ஒரு ராணுவ முகாமில் பன்றிக் காய்ச்சல் தென்பட்டதும், தடுப்பூசி தயாரிப்பதையும் நாடெங்கும் போடுவதையும் சேர்த்தே அறிவித்தார்கள். கொள்ளைநோய் வரவில்லை. 4 கோடிக்கும் மேற்பட்டோருக்குப் போட்ட பிறகு, சிலருக்குக் கியான்-பாரே நரம்பு நோய் வந்ததால் டிசம்பரில் நிறுத்தினார்கள். தயாரித்து இருப்பில் வைத்து, பரவினால் போடலாம் என்ற வழி அப்போதும் இருந்தது. ஓசோனைக் காக்க 1987இல் உருவான மான்ட்ரியல் ஒப்பந்தமோ முதலில், ஓசோனை அரிக்கும் குளோரோஃப்ளூரோகார்பன் என்ற வேதிப்பொருளைப் பாதியாகக் குறைக்கத்தான் சொன்னது. நான்காண்டுக்கு ஒருமுறையாவது அறிவியலை மறுஆய்வு செய்ய வேண்டும் என்பதையும் உள்ளேயே எழுதிவைத்தது. 1990இல் முழுத் தடைக்கு நகர்ந்தது.

உங்கள் தீர்மானத்தையும் அப்படிப் பிரியுங்கள். மாதந்தோறும் பரிசோதனையும், கைக்குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மாற்றுத் தண்ணீரும் உடனே தொடங்கலாம். தேவையில்லை என்றானால் நிறுத்திவிடலாம். வடிகட்டிக்கு வடிவமைப்பும் மதிப்பீடும் இப்போதே தயாராகட்டும். எந்த அளவை எத்தனை சோதனைகளில் தொடர்ந்து தாண்டினால் பொருத்துவது, எதற்குக் கீழே வந்தால் கைவிடுவது, யார், எந்தத் தேதிக்குள் என்பதைத் தீர்மானத்திலேயே எழுதுங்கள். எழுதாவிட்டால் ஒவ்வொரு சோதனை முடிவுக்கும் விவாதம் முதலிலிருந்து தொடங்கும்.

மக்களுக்கான அறிவிப்பில் தெரிந்தது, தெரியாதது, அடுத்த முடிவு வரும் தேதி மூன்றும் இருக்கட்டும். ‘காய்ச்சிக் குடியுங்கள்’ என்று மட்டும் அவசரத்தில் சேர்த்துவிடாதீர்கள்: காய்ச்சினால் கிருமி சாகும், பல வேதிப்பொருள்கள் போகாது, நீர் வற்ற வற்ற அவற்றின் அடர்த்தி கூடவே செய்யும்.