மொசின் நாகாந்த்: விலை ஏறுவதற்குள் வாங்கலாமா?

டெக்சஸ் நண்பருக்கு, 450 டாலர் சொல்கிற 1943 மொசின் நாகாந்த் ரைஃபிளை (பழைய சோவியத் ராணுவத் துப்பாக்கி) விலை இன்னும் ஏறுவதற்குள் வாங்கிப்போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். முதலில் விசா. எச்-1பி (தற்காலிக வேலை விசா) என்றால், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற விலக்கு இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். கிரீன் கார்டு இருந்தால் அந்தச் சிக்கல் இல்லை.

சரி, துப்பாக்கிக்கு வருவோம். 2010 வாக்கில் சுமார் நூறு டாலருக்குக் குவிந்து கிடந்த சரக்கு இது. நினைத்தால் எனக்கும் வயிறு எரிகிறது. குழல், போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் தண்டு), மேகசின் (தோட்டா அறை) அடித்தகடு, மரக்கட்டையின் பின்தகடு நான்கிலும் எண் ஒன்றா என்று பாருங்கள். பழைய எண்ணைக் கோடு கிழித்துப் பக்கத்தில் புதிதாக அடித்திருந்தால் ராணுவக் கிடங்கில் பழுதுபார்த்தது. சுடலாம், ஆனால் சேகரிப்பு விலை கொடுக்காதீர்கள். போல்ட் இறுகினால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் உள்ளே காய்ந்துபோன காஸ்மோலின் என்ற துருத்தடுப்பு கிரீஸ்தான்.

செலவு தோட்டாவில்தான். 2021 செப்டம்பரிலிருந்து ரஷ்யத் தோட்டா இறக்குமதிக்குப் புதிய அனுமதி நின்றுவிட்டது. பழைய ராணுவத் தோட்டா கிடைத்தால், அதன் பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) விட்டுப்போகும் உப்பு குழலைத் துருப்பிடிக்க வைக்கும். சுட்ட அன்றே வெந்நீர் விட்டுக் கழுவி எண்ணெய் போடுங்கள்.

நாலைந்து வாங்கும் எண்ணமென்றால் 30 டாலருக்கு 3 ஆண்டு சேகரிப்பாளர் உரிமம் எடுக்கலாம். 50 ஆண்டு தாண்டிய, மாற்றம் செய்யாத துப்பாக்கிகளுக்குச் செல்லும். அப்புறம், வீட்டில் சின்னக் குழந்தை என்றீர்களே, பூட்டுப்பெட்டி வாங்கிவிட்டீர்களா?